ரெண்டு லெச்சுமி

பெயரைப் பற்றி ஜீவராஜுக்கும் சர்மிளாவுக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. எழுத்தைப் பற்றித்தான்.

பெண் குழந்தை பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சர்மிளாதான் அந்தப் பேச்சை எடுத்தாள். "உங்க அக்கா பேரையே வைப்போங்க."

ஜீவராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. அக்கா செத்து நாலு வருஷமாகிறது. சர்மிளா அவளைப் பார்த்ததுகூட இல்லை. உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து கல்லுமலைத் தோட்டத்துக்கு அவள் வாழ வந்தே இரண்டு வருஷம்தான். சுவரில் மாலையோடு தொங்கும் படத்தில் கண்ட முகம்தான் அவளுக்கு நாத்தனார். ஆத்தா இறந்தபோது ஜீவராஜுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு, தலை சீவி, ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்கு ஓடியவள் அந்த அக்கா. இதையெல்லாம் சர்மிளா கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே அந்தப் பெயரைச் சொன்னதும் ஜீவராஜ் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். ஒரு மத்தியானம் சர்மிளா பழைய கொப்பி ஒன்றில் பெயரை எழுதி எழுதி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்குகிறவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'லக்ஷ்மி' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இங்கிலீஷிலும் அதேதான்.

"இது இல்லையே," என்றான் ஜீவராஜ். "லெச்சுமி."

"அது கூப்பிடுறதுங்க. எழுதுறப்ப லக்ஷ்மிதானே?"

"எங்க அக்கா பேரு லெச்சுமி."

"ரெண்டும் ஒரே சாமி பேருதானே?"

"நான் சாமி பேரு வைக்கல. அக்கா பேரு வைக்கிறேன்."

குரல் அவன் நினைத்ததைவிடத் தடித்துப்போய் வந்தது. பாயில் கிடந்த குழந்தை ஒருதரம் திடுக்கிட்டு அடங்கியது. சர்மிளா கொப்பியை மூடிவைத்தாள். சண்டை போடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஆனால் நினைத்ததைச் சொல்லாமல் விடுகிறவளும் இல்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. நான் ஏ.எல். பரீட்சை முடிச்சிட்டு ஒரு கந்தோர்ல வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். அங்க இருந்த ஐயா என் சர்டிபிகேட்டைக் கையில வாங்கினாரு. சோலைமலை சர்மிளான்னு வாசிச்சாரு. 'சோலைமலையா? எந்தத் தோட்டம்?'னு கேட்டாரு. அதுக்கு மேல அந்தக் கடுதாசிய அவரு புரட்டவே இல்லைங்க. எங்க அப்பா பேரு அழகான பேரு. எனக்கு அதுல ஒரு வெக்கமும் கிடையாது. ஆனா, நம்ம புள்ள ஒரு எடத்துல போய் நின்னா முதல்ல அவளைப் பாக்கட்டும். தோட்டத்தைப் பிறகு பாத்துக்கட்டும். லெச்சுமின்னு எழுதினா அந்த ஒரு பேருலயே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவாங்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஹட்டன் டவுனில் இரும்புச் சாமான் கடையில் நிற்கிற ஜீவராஜுக்கும் அது தெரியாததல்ல. ஆனாலும் 'லக்ஷ்மி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. அதை எப்படிச் சொல்வது? நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எந்த முனையிலிருந்து தொடங்குவது? எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்படியே மூன்று வாரம் போயிற்று. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத் தொட்டிலில் போட்டுப் பேர் வைப்பதென்று முடிவு செய்தார்கள். பதிவுக் கந்தோருக்கு அடுத்த வாரம். அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் பேச்சியம்மாதான் சர்மிளாவுக்குப் பிள்ளைப்பேற்று மருந்து அரைத்துக் கொடுப்பதிலிருந்து எல்லாம் பார்த்தவள். வரிசை வீடுகளாக நின்ற லயங்களுக்கெல்லாம் போய் அழைப்புச் சொல்லிவிட்டு சனிக்கிழமை மத்தியானம் வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வாராங்க. ஆறாம் லயத்து லெச்சுமி மட்டும் மாட்டேங்குறா."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் சர்மிளா.

"ஒடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. 'என்னையப் பாத்தா அந்தத் தம்பி மனசு கஷ்டப்படும், நல்ல நாளும் அதுவுமா எதுக்கு'ன்னு சொல்றா. எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா."

பேச்சியம்மா போன பிறகு சர்மிளா கணவனைப் பார்த்தாள். அவன் குசினிக் கதவில் சாய்ந்து நின்றான். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க அவங்க? உங்களுக்கு ஏன் மனசு கஷ்டப்படணும்?"

வேறு வழியில்லை. ஜீவராஜ் கீழே உட்கார்ந்து சொன்னான்.

கல்லுமலையில் லெச்சுமிகள் இரண்டு பேர். அவன் அக்கா நெடுநெடுவென்று வளர்ந்தவள், நெட்டை லெச்சுமி. ஆறாம் லயத்துக்காரி குட்டை லெச்சுமி. தோட்டத்து ஆள்பதிவான செக்றோலில் பேர் அடுத்தடுத்து இருந்ததால், மலையிலும் ஆளுக்கு ஆள் பக்கத்து நிரையில்தான் கொழுந்தெடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்து, கொழுந்தெடுத்தவர்களைக் கொட்டியது. கடையில் நின்ற ஜீவராஜுக்கு போன் வந்தது. பதினோரு பேரை லொறியில் ஏற்றியிருக்கிறார்கள், அக்காவும் அதில் இருக்கிறாள் என்றார்கள். அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடையில் ஒரே கூட்டம், ஒரே அழுகை. கையில் தாளோடு நின்ற ஊழியரிடம் போய், "லெச்சுமி, கல்லுமலைத் தோட்டம்," என்றான். அந்தச் சிங்கள ஆள் விரலால் தாளைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "லக்ஷ்மி... கல்லுமலை... ஆ, ஹொந்தாய் மல்லி. பய வென்ன எப்பா." நல்லா இருக்கிறாள் தம்பி, பயப்படாதே.

"எனக்கு உசிரே வந்துருச்சு, சர்மிளா. முதலாளிக்குப் போன் பண்ணி அக்காவுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். கடையில போயி ஒரு தண்ணிப் போத்தலும் அக்கா தின்ன ரெண்டு பணிசும் வாங்கினேன். உள்ள விட அரைமணி நேரம் ஆகும்னாங்க. அந்த அரைமணி நேரமும் நான் அங்க அழுதுகிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னேன். சிரிச்சேன்கூட."

சர்மிளா குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"உள்ள போனா முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. கண்ணு தெரியல. அக்கான்னு நெனைச்சுக் கையப் புடிச்சேன். சின்னக் கை. எங்க அக்காவோட கை இல்ல. 'நீங்களா?'ன்னு கேட்டுட்டேன்."

"யாரை?"

"குட்டை லெச்சுமிய. அவங்க பேரு சொன்னப்ப நர்ஸ் தனக்குத் தெரிஞ்ச மாதிரி லக்ஷ்மின்னு எழுதியிருக்கு. எங்க அக்கா லொறியிலயே போயிட்டா. வேற அறையில போட்டிருந்தாங்க. அங்கதான் லெச்சுமின்னு சரியா எழுதியிருந்துச்சு."

மழை வலுத்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"சாகப் பொழைக்கக் கெடக்குற மனுசிகிட்ட நான் கேட்ட கேள்வி அது. 'நீங்களா?' ஏன் நீ பொழைச்சேன்னு கேட்ட மாதிரி. அவங்களுக்குக் கேட்டிருக்கும். தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நான் பணிசைக் கட்டில்ல போட்டுட்டு வெளிய ஓடிட்டேன். அதுக்குப் பிறகு அவங்க எதிர்ல வந்தா நான் வேற பாதையில போயிருவேன். அவங்களும் அப்படித்தான். நீ லக்ஷ்மின்னு எழுதுறப்பெல்லாம் எனக்கு அந்தத் தாளுதான் கண்ணுக்குத் தெரியுது. அக்கா செத்துக் கெடக்கையில நான் சந்தோசமா நின்ன அரைமணி நேரந்தான் தெரியுது."

குழந்தைக்குப் பசியெடுத்தது, சர்மிளா எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "போயி நீங்களே கூப்பிட்டுட்டு வாங்க," என்றாள்.

"என்னன்னு கூப்பிடுவேன்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா நீங்கதான் போகணும்."

மழை விட்டதும் அவன் போனான். ஆறாம் லயம் ஆற்றைத் தாண்டி மேட்டில் இருந்தது. குட்டை லெச்சுமி வாசலில் குந்தியிருந்து, கவாத்து மலையிலிருந்து கொண்டுவந்த காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுப்புக்கு அளவாக முறித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள். கையிலிருந்த கட்டு நழுவி விழுந்தது.

"நாளைக்குப் புள்ளைக்குப் பேரு வைக்கிறோம்க்கா," என்றான். "நீங்க வரணும்."

"பேச்சியம்மா சொல்லுச்சு தம்பி. நான் வரல. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஒண்ணு கேட்டேன்..."

"கேட்டுச்சு."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஜீவராஜ் வாசல் கல்லிலேயே உட்கார்ந்தான்.

"தப்பா நெனைக்காத தம்பி. நீ 'நீங்களா'ன்னு ஒருக்காத்தான் கேட்ட. நான் 'நானா'ன்னு நாலு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள் குட்டை லெச்சுமி. மறுபடி குந்தி உட்கார்ந்து மிலாறுகளைப் பொறுக்கினாள். "ஒனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. தெரிஞ்சா நீ என்னையக் கூப்பிட மாட்ட."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்குக் காலையில கணக்கப்புள்ள நிரை பிரிச்சு விட்டாரு. மேல மரத்தோரம் ஒரு நிரை, கீழ பள்ளத்துல ஒரு நிரை. 'லெச்சுமி, நீ மேல போ'ன்னாரு. எந்த லெச்சுமின்னு சொல்லல. நாங்க ரெண்டு பேருந்தான் திரும்பினோம். ஒங்க அக்காவுக்குக் கால் நீளம். அவ முன்னால நடந்துட்டா. நான் கீழ எறங்கிட்டேன்."

ஜீவராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"கூடு இருந்தது மேல நிரையில, அந்த மரத்துல. அவரு என்னையக் கூப்பிட்டாரோ அவளைக் கூப்பிட்டாரோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவருகிட்ட போயிக் கேட்டேன். 'நெனைவில்ல லெச்சுமி'ன்னு அழுதுட்டாரு பாவம். அது என்னோட நிரையா இருந்திருந்தா?"

கீழே ஆறு மழைத்தண்ணீரோடு சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் மகளின் பாடப்புத்தகங்கள் பலகையில் அடுக்கியிருந்தது தெரிந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் கொழும்பில் வேலை. அன்றைக்கு அவள் மேலே போயிருந்தால் இந்த வீடு என்னவாகியிருக்கும் என்று அவன் நினைத்தான். இந்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அப்படி நினைத்துப் பார்த்ததில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. சிதறிக் கிடந்த மிலாறுகளைப் பொறுக்கி அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, குசினி வாசலில் கொண்டுபோய் வைத்தான்.

"பத்து மணிக்கு, அக்கா," என்றான். "அத்தை இல்லாம எப்படிப் பேரு வைக்கிறது? அத்தைதானே காதுல சொல்லணும். நீங்க வந்து சொல்லுங்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணி தாண்டிவிட்டது. தொட்டில் கட்டியாயிற்று. சாம்பிராணி போட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றி எல்லாரும் காத்திருந்தார்கள். "நேரம் போகுதே," என்று பேச்சியம்மா இரண்டுதரம் சொல்லிவிட்டாள். ஜீவராஜ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்தரை இருக்கும், குட்டை லெச்சுமி வந்தாள். தலை குளித்து, நீலப் புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். யாரையும் பார்க்காமல் நேரே போய்ச் சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் நின்றாள். வாழைப்பழத்தைப் படத்துக்குக் கீழே வைத்தாள்.

சர்மிளா எழுந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்ட லெச்சுமி தயங்கினாள். "நீ என்னமோ படிச்ச மாதிரி ஒரு பேரு எழுதி வச்சிருக்கியாமே தாயி. பேச்சியம்மா சொல்லுச்சு. எனக்கு அந்த 'க்ஷ'வெல்லாம் வாயில வராதும்மா. தப்பாச் சொல்லிட்டா புள்ளைக்கு ஆகாது. வேற யாராவது..."

"உங்களுக்கு எப்படி வருமோ அப்படியே சொல்லுங்க அண்ணி," என்றாள் சர்மிளா.

அண்ணி என்ற சொல்லைக் கேட்டு லெச்சுமி ஒரு கணம் சர்மிளாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் காதுக்குக் குனிந்தாள். வெற்றிலையைக் காதோரம் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூன்றுதரம் சொன்னாள்.

"லெச்சுமி. லெச்சுமி. லெச்சுமி."

பேச்சியம்மா குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். ஜீவராஜ் பின்பக்கம் போய், மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது சர்மிளாவும் லெச்சுமியும் ஒரே பாயில் உட்கார்ந்து சோற்றுக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். பதிவாளர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர்; வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. "இருங்கோ பிள்ளை, குழந்தையோட நிக்காதேங்கோ," என்று சர்மிளாவுக்கு நாற்காலி காட்டினார். ஆஸ்பத்திரிக் கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிள்ளையின்ர பேர்?"

"லெச்சுமி," என்றான் ஜீவராஜ்.

அவர் எழுதத் தொடங்கினார். பேனா ஓரெழுத்தோடு நின்றது. "லட்சுமி எண்டு எழுதட்டே? லெச்சுமி எண்டுறது பேச்சு வழக்கெல்லோ. எழுதேக்க அது பிழை. நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன் தம்பி. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில, கந்தோர் வழிய எண்டு பிள்ளைக்குத்தான் கரைச்சல். பிறகு வந்து மாத்தித் தாங்கோ எண்டால் லேசில ஏலாது."

ஜீவராஜ் மனைவியைப் பார்த்தான். வீட்டில் அவள் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். அவள் இப்போதும் லக்ஷ்மி என்றே எழுதச் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாதென்று பஸ்ஸிலேயே அவன் மனசுக்குள் தீர்மானித்திருந்தான். பெத்தவள் அவள். பிள்ளைக்கு வரப்போகிற வழியில் கல்லிருக்கும் இடத்தைக் கண்டவளும் அவள்தான்.

சர்மிளா கைப்பையைத் திறந்து ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஜீவராஜ் திடுக்கிட்டான். அது அக்காவின் அட்டை. தகரப் பெட்டியின் அடியிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது.

"இது இவங்க அக்காவோடது சார். கையெழுத்தைப் பாருங்க."

ஜெயரத்தினம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். படத்துக்குப் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அழுத்தி, கோடு ஏறி இறங்க எழுதியிருந்தது: லெச்சுமி.

"அவங்க மூணாம் வகுப்போட நின்னவங்க. இந்த நாலு எழுத்தையும் அவங்களே எழுதியிருக்காங்க," என்றாள் சர்மிளா. "நான் புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்குறவ சார். இலக்கணத்துல பிழைன்னு எனக்கும் தெரியும். ஆனா இது ஒரு ஆளோட பேரு. அந்த ஆளு இப்படித்தான் எழுதினாங்க. நாங்களும் இப்படியே எழுதிக்கிறோம்."

"கரைச்சல் வரும் பிள்ளை."

"வரும் சார். எனக்கு அந்தப் பயம் போயிருச்சுன்னு சொல்லல." குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "வர்றப்ப நாங்க பக்கத்துல இருப்போம்."

பதிவாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். தமிழில் எழுதி முடித்துவிட்டு, "இங்கிலீசில கடைசி எழுத்து 'ஐ'யோ, 'வை'யோ?" என்று கேட்டார். அது இருவரும் யோசிக்காத விஷயம். ஜீவராஜ் அட்டையைப் பார்த்து, "அதுல 'வை' போட்டிருக்குங்க. அப்படியே போடுங்க," என்றான். அவர் எழுதி, அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "வடிவா வாசிச்சுப் பாருங்கோ. ஒரு எழுத்துப் பிசகினாலும் இப்பவே சொல்லுங்கோ." சர்மிளா ஆட்காட்டி விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு ஜீவராஜ் வாசித்தான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கல்லுமலைப் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. பனி இறங்கிக் குளிரெடுத்தது. குழந்தைக்குக் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கிவருகிறேன் என்று சர்மிளா எதிர்க்கடைக்குப் போனாள். ஜீவராஜின் கைக்கு மாறியதும் குழந்தை வீறிட்டு அழுதது. தோளில் போட்டுத் தட்டினான், நிற்கவில்லை. இங்குமங்கும் நடந்தான், நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லெச்சுமி," என்றான் ஜீவராஜ்.

அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். அந்தப் பெயரை ஓர் ஆளைக் கூப்பிடுவதற்காக அவன் ஒருநாளும் சொன்னதில்லை. நாக்குக்கு அது புதிதாக இருந்தது. "இந்தா வந்துருவாங்க அம்மா. அழாத, லெச்சுமி. லெச்சுமி, அழாத தாயி."

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. பஸ் வரும்வரை அவன் கூப்பிட்டுக்கொண்டே நடந்தான்.